மழை இல்லாத நாளில் நிறைந்த போத்தல்

“ரிவர்ஸ்டன் பார்த்துவிட்டு வர ஒரு நாள் போதுமா?” என்று எங்கள் தெருவில் மாதத்துக்கு ஒருவராவது என்னிடம் கேட்கிறார்கள். போதும் என்கிறேன். காலை ஆறு மணிக்கு மாத்தளையை விடுங்கள். இரத்தோட்டையில் தேநீர் குடியுங்கள். கைகாவலைக்கு மேலே ஏறும்போது கண்ணாடிகளை இறக்கி வையுங்கள், ஏலக்காய்க் காட்டின் வாசம் வரும். கணவாயில் இறங்கினால் தொப்பியைக் கையில் பிடித்துக்கொள்ளுங்கள், காற்று கொண்டுபோய்விடும். அதைத் தாண்டி பிட்டவல பத்தனையின் புல்வெளியில் நின்று கீழே பாருங்கள். பொழுது சாயுமுன் திரும்பிவிடுங்கள்.

இவ்வளவும் சொல்லிவிட்டு நான் ஒன்று கேட்பேன். கணவாய்க்கு இந்தப் பக்கம் நனைந்துகொண்டு ஏறுகிறீர்கள், அந்தப் பக்கம் இறங்கினால் வெயில் அடிக்கிறது, அது ஏன் என்று பார்த்துவிட்டு வந்து சொல்லுங்கள் என்பேன். போய்வந்தவர்கள் கைத்தொலைபேசியில் படம் காட்டுவார்கள். ஏன் என்று யோசித்ததாக இதுவரை ஒருவரும் சொல்லவில்லை.

அந்தப் பாதையில் நான் இருபத்தாறு வருடம் மாதம் ஒருமுறை ஜீப் ஓட்டினேன். மழையை அளக்கும் அரசாங்கக் கந்தோர் ஒன்றின் டிரைவர் நான். போன மாதம் அந்தக் கந்தோரிலிருந்து ஒரு இளம் பொறியியலாளர் பேசினார். மலையில் இருந்த பழைய மழைமானிகளை எல்லாம் எடுத்துவிட்டு, தானே அளந்து தானே செய்தி அனுப்பும் கருவிகளைப் பூட்டுகிறார்களாம். பழைய பதிவேடுகளைக் கட்டி வைக்கும்போது ஒரு பக்கத்தில் சிவப்பு மையில் பெரிய கோடும், அதன் கீழே நீல மையில் நீண்ட குறிப்பும் கண்டாராம். “அங்கிள், இது என்னாங்க? உங்க பேரும் இதுல இருக்கே” என்றார். தொலைபேசியில் சொல்லத் தொடங்கினேன். முடியவில்லை. அதனால்தான் அந்தத் தம்பிக்காக எழுதுகிறேன்.

நான் இரத்தோட்டைக்கு மேலே ஒரு தேயிலைத் தோட்டத்து லயத்து வரிசை வீட்டில் பிறந்தவன். எட்டாம் வகுப்போடு படிப்பு முடிந்தது. தோட்டத்து லொறியில் கிளீனராக இருந்தேன், பிறகு மாத்தளையில் ஒரு முஸ்லிம் முதலாளியின் மிளகு லொறியை ஓட்டினேன். எங்கள் தாத்தா எந்தக் காலத்திலோ எழுதிப் போட்ட ஒரு விண்ணப்பத்தால் எங்கள் குடும்பத்துக்குப் பிரஜாவுரிமை இருந்தது. அது இருந்ததால் அரசாங்க வேலைக்கு மனுப் போட முடிந்தது. கிடைத்தபோது வயது இருபத்தேழு. அடுத்த பத்து வருடம் பற்றிச் சொல்ல அதிகமில்லை. ஐயாமார் மாறினார்கள், ஜீப் மாறவில்லை.

தொண்ணூறுகளின் தொடக்கத்தில் ஏக்கநாயக்க ஐயா வந்தார். என்னைவிட ஐந்து வயது இளையவர், மெலிந்தவர், சட்டைப் பையில் எப்போதும் இரண்டு பேனா. தமிழ் தெரியாது. நாங்கள் சிங்களத்தில்தான் பேசுவோம். முதல் நாள் ஜீப்பில் ஏறியதும் என் பெயரைக் கேட்டார். “கணேசன்” என்றேன். அதன்பிறகு இரத்தோட்டை வரை ஒரு சொல் பேசவில்லை. கர்வம் பிடித்தவர் என்று நினைத்தேன். பார்த்ததை முதலில் எழுதிவிட்டுத்தான் வாயைத் திறப்பார் என்பது பிறகு புரிந்தது.

மழைமானி என்பது பெரிய கருவி ஒன்றுமில்லை. செம்பில் செய்த, முழங்கால் உயரமும் இல்லாத ஒரு உருளை. மேலே புனல், உள்ளே ஒரு போத்தல். ஊரார் அதை மழைப்போத்தல் என்பார்கள். காலை எட்டரை மணிக்கு அதற்கென்று நியமித்த வாசிப்பாளர் புனலைக் கழற்றி, போத்தலில் சேர்ந்த தண்ணீரை அளவுக் கண்ணாடியில் ஊற்றி, கண்ணை நீர் மட்டத்துக்கு நேராக வைத்துப் பார்த்து, அட்டையில் எழுத வேண்டும். எழுதிய பிறகுதான் தண்ணீரைக் கீழே ஊற்றலாம். மாதக் கடைசியில் அட்டைகளைச் சேர்ப்பதும், மழைமானிகளைச் சோதிப்பதும் எங்கள் பயணத்தின் வேலை. எங்கள் பாதையில் நான்கு இருந்தன: இரத்தோட்டை, கைகாவலை, கணவாய், அந்தப் பக்கம் இலுக்கும்புர.

முந்திய ஐயாமார் ஜீப்பிலிருந்து இறங்காமலே அட்டையை வாங்குவார்கள். ஏக்கநாயக்க இறங்குவார். ரசமட்டத்தைப் புனலின் விளிம்பில் வைத்து உருளை சாய்ந்திருக்கிறதா என்று பார்ப்பார். சுற்றியுள்ள புல் உயர்ந்திருந்தால் தானே குனிந்து வெட்டுவார். நாடாவை என்னிடம் ஒரு முனை தந்து, அருகில் உள்ள ஒவ்வொரு மரத்துக்கும் கூரைக்கும் தூரம் அளப்பார். ஒரு மரம் எவ்வளவு உயரமோ அதைப்போல் இரண்டு மடங்கு தூரத்திலாவது அது நிற்க வேண்டும், இல்லாவிட்டால் மழையை மறைக்கும் அல்லது சொட்டும். கடைசியாக, அளந்த தண்ணீரைப் புனலில் ஊற்றி, கீழே மையொற்றுத் தாளை விரித்து, கசிவு தெரிகிறதா என்று முழுதாகக் கால் மணி நேரம் காத்திருப்பார். வாசிப்பாளர் எவ்வளவு நம்பிக்கையானவராக இருந்தாலும் ஒரு படியையும் விடமாட்டார்.

ஆனால் என் கேள்விகள் அவருக்குப் பிடித்திருந்தன. பத்தனையில் ஏன் மரம் வளரவில்லை என்று ஒருநாள் கேட்டேன். ஜீப்பை நிறுத்தச் சொல்லி, கத்தியால் புல்லைக் கிளறினார். நாலு விரல் ஆழத்தில் பாறை தட்டியது. “இது காரணமாக இருக்கலாம்” என்றார். “இது மட்டும்தானா சேர்?” என்றேன். “தெரியாது. பலமு” என்றார். பலமு என்றால் பார்ப்போம். அதுவரை எனக்கு வாய்த்த பெரியவர்களில் தெரியாது என்று சொன்னவர் அவர் ஒருவர்தான். அதிலிருந்து ஒவ்வொரு பயணத்துக்கும் ஒரு கேள்வி கொண்டுபோவேன். வைகாசியில் இந்தப் பக்கம் கொட்டும் மேகம் மார்கழியில் ஏன் அந்தப் பக்கம் கொட்டுகிறது? கணவாய்க்குக் கீழே உள்ள மரங்கள் மட்டும் ஏன் பாசி போர்த்தி நிற்கின்றன? பாதை வளையும் ஒவ்வொரு இடத்திலும் கேட்க ஏதாவது இருந்தது.

கணவாய்க்குச் சற்றுக் கீழே, காற்று அதிகம் படாத ஒரு மடிப்பில், ஏலக்காய் உலர்த்தும் ஸ்டோர் ஒன்று இருந்தது. அதன் காவல்காரி அஞ்சலை அக்கா. நாற்பத்தைந்து வயதிருக்கும். அவரும் கணவரும் இந்தியா போக எழுதிக்கொடுத்து, அந்த நாட்டுக் கடவுச்சீட்டும் வாங்கி, பெட்டி கட்டியிருந்த நேரத்தில் சண்டையால் கப்பல் நின்றுபோனது. அடுத்த வருடம் கணவர் நெஞ்சு வலியில் இறந்துவிட்டார். அக்கா இங்கேயே தங்கினார். இந்த நாட்டு அடையாள அட்டை அவருக்குக் கிடையாது. அந்த நாட்டுக் கடவுச்சீட்டும் காலாவதியாகிவிட்டது.

ஸ்டோர் முற்றத்தில்தான் எங்கள் மூன்றாவது மழைமானி இருந்தது. அக்காவுக்கு எழுத்து அதிகம் வராது. இலக்கங்கள் மட்டும் அச்சடித்தது போல எழுதுவார். அதனால் அவர் வாசிப்பாளரானார். கந்தோர் முத்திரையும் அவர் படமும் உள்ள ஒரு அட்டை கொடுத்தோம். அதில் ‘மழைமானி வாசிப்பாளர்’ என்று சிங்களத்தில் இருந்தது. பாதை நெடுக செக்பொயிண்ட் இருந்த காலம் அது. அந்த அட்டையைக் காட்டித்தான் அக்கா பஸ் ஏறி இரத்தோட்டைச் சந்தைக்குப் போவார், ஆஸ்பத்திரிக்குப் போவார். வேறு எதுவும் அவரிடம் இல்லை.

ஏக்கநாயக்க வருவதற்குச் சில மாதம் முன்பு கணவாய் மேட்டில் ஒரு இராணுவ முகாம் வந்திருந்தது. கூடாரங்கள், மணல் மூட்டைகள், செய்தி அனுப்ப ஒரு உயரமான கம்பம். நாங்கள் அதன் அருகால் போகும்போது நான் அந்தப் பக்கம் தலையைத் திருப்பமாட்டேன்.

இரண்டாம் வருடத்தில் ஒருநாள் மேலிடத்திலிருந்து கடிதம் வந்தது. கணவாயின் கணக்குப் பொருந்தவில்லை, கைகாவலையிலும் இலுக்கும்புரவிலும் சொட்டு மழை இல்லாத நாட்களில் அங்கே மழை எழுதப்பட்டிருக்கிறது, விசாரிக்கவும் என்று. மூன்று மாதம் தொடர்ந்து பொய்க் கணக்கு எழுதினால் வாசிப்பாளரை நீக்க வேண்டும் என்பது விதி. ஏக்கநாயக்க மூன்று மாத அட்டைகளையும் எடுத்துக்கொண்டு ஜீப்பில் ஏறினார்.

ஸ்டோர் வாசலில் ஒரு பெட்டியின் மேல் அட்டைகளை விரித்தார். வழக்கமான சோதனைகள் எல்லாம் செய்தார். உருளை நேராக இருந்தது. கசிவு இல்லை. மரங்கள் தூரத்தில் நின்றன.

“கேளுங்கள் கணேசன். இந்த நாட்களில் இரண்டு பக்கமும் மழை இல்லை. இங்கே மட்டும் எப்படி?”

நான் அதைத் தமிழில் கேட்டேன். அக்கா பதற்றப்படவில்லை.

“மழ பேஞ்சிச்சின்னு நான் எங்க தம்பி சொன்னேன்? போத்தல்ல தண்ணி இருந்திச்சு, எழுதுனேன். காத்தடிச்சா இருக்காது. மூட்டம் அசையாம நின்னிச்சின்னாத்தான் காலைல தண்ணி நிக்கும். அது ஏன்னு படிச்ச ஐயாதான் சொல்லணும். இல்லாத மழைய எழுதி எனக்கு என்னா ஆகப்போகுது?”

இதை அப்படியே சொல்லியிருக்க வேண்டும். நான் என்ன நினைத்தேன் என்றால், இது எதிர்த்துப் பேசுவது போல இருக்கிறது, ஐயாவுக்குக் கோபம் வரும் என்று. அதற்கு முந்திய வருடம் இதே ஐயாவிடம் இலுக்கும்புரவில் வாதாடிய வாசிப்பாளர் ஒருவர் வேலையை இழந்ததையும், இரத்தோட்டையில் கையெடுத்துக் கும்பிட்ட ஒருவர் தப்பியதையும் பார்த்திருந்தேன். அக்காவைக் காப்பாற்றுவதாக நினைத்துக்கொண்டு சிங்களத்தில் இப்படிச் சொன்னேன்:

“தெரியாமல் நடந்த தவறாக இருக்கும், மன்னிக்கச் சொல்கிறார் சேர்.”

ஏக்கநாயக்க நிமிர்ந்து பார்த்தார். “தவறை ஒப்புக்கொள்கிறாரா?”

வாயிலிருந்து போய்விட்டது. திரும்ப எடுக்க எனக்குத் தைரியம் வரவில்லை. “ஓம் சேர்.”

பதிவேட்டைத் திறந்தார். மூன்று மாத வாசிப்பின் மேலும் சிவப்பு மையில் கோடு இழுத்தார். பக்கத்தில், தவறை ஒப்புக்கொண்டார் என்று எழுதினார். “அவருடைய கந்தோர் அட்டையை வாங்குங்கள்” என்றார். கோபமே இல்லாத குரல். கோபப்பட்டிருந்தால் கெஞ்சியிருக்கலாம்.

அக்கா உள்ளே போய், சீனி வந்த பொலித்தீன் பையில் சுற்றி வைத்திருந்த அட்டையைக் கொண்டுவந்தார். என்னிடம் தரும்போது, “இனி செக்பொயிண்டுல என்னத்த தம்பி காட்டுறது?” என்று கேட்டார். நான் அதை ஐயாவிடம் கொடுத்தேன். மழைமானியைக் கழற்ற அன்று நேரமில்லை. அடுத்த பயணத்தில் கழற்றலாம் என்று ஏக்கநாயக்க புனலுக்கு ஒரு பூட்டைப் போட்டார்.

அந்த மாதம் நான் நன்றாக இருக்கவில்லை. இரத்தோட்டை பஸ்ஸின் கண்டக்டரிடம் விசாரித்தேன். “அந்தக் காவக்கார அம்மாவா? இப்ப வாறதே இல்லீங்க. அரிசி, மாவு எல்லாம் ஆள்கிட்ட சொல்லி அனுப்புறாங்க” என்றார்.

அடுத்த பயணத்தில் கணவாயை அடைந்தபோது மணி ஒன்பதரை. அசையாத மூட்டம். பத்தடிக்கு அப்பால் ஸ்டோர் தெரியவில்லை. ஏக்கநாயக்க பூட்டைத் திறந்து புனலைத் தூக்கினார். போத்தல் நிறைந்து, வெளி உருளையிலும் தண்ணீர் நின்றது. ஒரு மாதமாக யாரும் தொடவில்லை. பூட்டில் துரு ஏறியிருந்தது. அவர் அளந்தார், எழுதினார், கைகாவலை அட்டையை எடுத்து ஒப்பிட்டார். மறுபடியும் அளந்தார். பாதிக்கு மேல் தண்ணீர் எங்கிருந்தோ வந்திருந்தது.

எனக்கு அதற்கு மேல் தாங்கவில்லை.

“சேர், அன்றைக்கு அந்த அம்மா மன்னிப்புக் கேட்கவில்லை. தவறு என்றும் சொல்லவில்லை. நான்தான் சொன்னேன்.”

அவர் பேனாவை மூடவில்லை. “அப்படியானால் என்ன சொன்னார்?”

“சேர்...”

“ஒவ்வொரு சொல்லாக.”

சொன்னேன். அவர் எழுதினார். ‘காற்றடித்தால் இருக்காது, மூட்டம் அசையாமல் நின்றால்தான்’ என்ற இடத்தில் பேனா நின்றது.

“இதை நீங்கள் அன்று சொல்லவே இல்லை.”

“இல்லை சேர்.”

என்னைப் பார்த்தார். அந்தப் பார்வையை இப்போதும் மறக்கவில்லை. பிறகு சுற்றிலும் நின்ற வெள்ளையைப் பார்த்தார். “உங்களைப் பற்றிப் பிறகு பேசலாம். இப்போது காற்று இல்லை. மூட்டம் நிற்கிறது. பலமு.”

போத்தலையும் உருளையையும் துணியால் துடைத்து வைத்தோம். அவர் கைக்கடிகாரத்தைக் கழற்றி முழங்காலில் வைத்துக்கொண்டார். இருவரும் புல்லில் உட்கார்ந்தோம். மழை இல்லை. உடுப்பு மட்டும் ஈரமாகிக்கொண்டிருந்தது. கொஞ்ச நேரம் கழித்து, செம்பில் நகத்தால் தட்டியது போல ஒரு சத்தம். ஏக்கநாயக்க விரலைத் தூக்கினார். காத்திருந்தோம். மறுபடியும் ஒன்று. அவர் நேரத்தை எழுதினார், நானும் ஒரு தாளில் குறித்துச் சட்டைப்பையில் வைத்தேன். பிறகு இன்னொன்று, ஏறக்குறைய அதே இடைவெளியில்.

நான் மழைமானிக்குப் பக்கத்தில் மல்லாந்து படுத்தேன். கண்ணுக்கு மேலே முழுக்க வெள்ளை. அந்த வெள்ளையிலிருந்து ஒரு சொட்டு திடீரென்று உண்டாகி, பெரிதாகி, என் காதுக்குப் பக்கத்தில் புனலில் விழுந்தது. ஆகாயத்துக்கு ஒரு ஓட்டை இருப்பது போலத் தோன்றியது. சிரிப்பு வந்தது. அப்படியே கிடந்தேன். மூட்டம் ஒரு கணம் மெலிந்தது. பென்சிலால் இழுத்தது போல ஒரு கறுப்புக் கோடு எனக்கு நேர் மேலே தெரிந்து மறைந்தது.

“சேர்! கம்பி!”

முகாமின் உயர்ந்த கம்பத்தை நாலு பக்கமும் கம்பிகளால் இழுத்துக் கட்டியிருந்தார்கள். அதில் ஒரு கம்பி சரிவில் இறங்கி, எங்கள் முற்றத்துக்கு மேலே போய், ஸ்டோருக்குப் பின்னால் பற்றைப் புதருக்குள் ஒரு முளையில் முடிந்தது. மூட்டம் அந்தக் கம்பியில் ஈரமாகப் படிந்து வழிந்து வந்தது. இரண்டு துண்டுகளை இணைத்துப் பூட்டிய ஓர் இடத்தில் அது சொட்டாக விழுந்தது. அந்த இணைப்பு மழைமானிக்கு நேர் மேலே இருந்தது. காற்றடித்தால் சொட்டு வேறு பக்கம் போய்விடும்.

ஏக்கநாயக்கவின் கையில் நாடா இருந்தது. “தரையில் எல்லாவற்றையும் அளந்தேன்” என்றார். “இத்தனை மாதத்தில் ஒருமுறையாவது மேலே பார்த்தேனா?”

எனக்கு அந்தக் கம்பி எங்கிருந்து வருகிறது, வேறு எங்கெல்லாம் இணைப்பு இருக்கிறது என்று பார்க்க வேண்டும் போலிருந்தது. அவருடைய தூரக்கண்ணாடியை எடுத்துக்கொண்டு, கம்பியைப் பார்த்தபடியே சரிவில் ஏறினேன். எங்கே ஏறுகிறேன் என்பதை மறந்துவிட்டேன். மூட்டத்துக்குள்ளிருந்து, “நில்!” என்று சிங்களத்தில் ஒரு குரல் கேட்டது. அடுத்து துப்பாக்கியின் சத்தம். சுடவில்லை, சுடுவதற்குத் தயார் செய்யும் சத்தம்.

முழங்காலில் உட்கார வைத்தார்கள். அடையாள அட்டையை வாங்கிப் பெயரைப் படித்தார்கள். படித்த பிறகு குரல் மாறியது. தூரக்கண்ணாடி ஏன்? சட்டைப்பையில் இலக்கங்கள் எழுதிய தாள் ஏன்? கம்பியைத் தொடர்ந்து வந்தது ஏன்?

“தண்ணீர் எங்கிருந்து வருகிறது என்று பார்த்தேன்” என்றேன்.

“என்ன தண்ணீர்?”

“மழை இல்லாமல் வரும் தண்ணீர்.”

சிப்பாய் பின்னால் நின்றவரைப் பார்த்தார். நான் சொன்னது முழு உண்மை. ஆனால் என் காதுக்கே அது பொய்யாகக் கேட்டது. அஞ்சலை அக்கா அன்று எப்படி நின்றிருப்பார் என்று அப்போதுதான் தெரிந்தது.

முகாமின் பொறுப்பதிகாரி ஒரு இளம் லெப்டினன்ட். அவர் வருவதற்குள் இரண்டு பேர் சரிவில் ஏறி வருவது தெரிந்தது. மூச்சு வாங்கியபடி கோப்புடன் ஏக்கநாயக்க. அவருக்கு முன்னால், அவரைவிட வேகமாக, அஞ்சலை அக்கா. என்னைப் பிடித்ததை ஸ்டோரிலிருந்து கேட்டிருக்கிறார். காவலில் நின்ற சிப்பாய் துப்பாக்கியைக் குறுக்கே நீட்டினார். அக்கா நிற்கவில்லை. தனக்குத் தெரிந்த கொஞ்சச் சிங்களத்தில் சத்தமாகச் சொன்னார்: “அபே மாத்தயா! வெஸ்ஸ மனின மாத்தயா!” எங்கள் ஐயா, மழை அளக்கிற ஐயா என்று அர்த்தம், என்னைத்தான் சொன்னார்.

“அட்டை?” என்றார் சிப்பாய்.

அக்கா இரண்டு கையையும் விரித்துக் காட்டினார். வெறும் கை. அட்டை இல்லாமல் அந்த இடத்துக்கு வந்தால் என்ன நடக்கும் என்று அவருக்கு நன்றாகத் தெரியும்.

ஏக்கநாயக்க வந்து சேர்ந்தார். கோப்பைத் திறந்தார். மழைமானியைக் கழற்றும்போது சேர்த்து அனுப்பலாம் என்று அவர் அந்த அட்டையைக் கோப்பிலேயே வைத்திருந்தார். பொலித்தீன் பையோடு எடுத்துச் சிப்பாயிடம் நீட்டினார்.

“இவர் என்னுடைய வாசிப்பாளர். அட்டையை நான் தவறாக வாங்கி வைத்திருந்தேன். அங்கே முழங்காலில் இருப்பவர் என்னுடைய டிரைவர். இரண்டு பேருக்கும் நான் பொறுப்பு.”

லெப்டினன்ட் எல்லாவற்றையும் கேட்டார். நம்பவில்லை. “ஒரு தகரத்தில் தண்ணீர் சொட்டுகிறது என்பதற்காக என் கம்பத்தைப் பிடுங்கச் சொல்கிறீர்களா?”

“இல்லை. கீழே வந்து பார்க்கச் சொல்கிறேன்.”

வந்தார். என்னையும் இரண்டு சிப்பாய்களுக்கு நடுவில் நடத்தி வந்தார்கள். லெப்டினன்ட் மழைமானியின் அருகில் குந்தி, புனலுக்கு மேலே உள்ளங்கையை நீட்டினார். ஒன்றும் நடக்கவில்லை. எழப்போனார். அப்போது விழுந்தது. கையைப் பார்த்தார், மேலே பார்த்தார், கையை எடுக்காமல் அடுத்த சொட்டுக்காகக் காத்திருந்தார். அதுவும் விழுந்ததும் அவர் முகம் மாறியது.

“என் கூடாரத்தின் ஒரு மூலை இப்படித்தான் நனைகிறது” என்றார். “ஓட்டை என்று மூன்று தடவை தைக்க வைத்தேன்.”

முதலில் சிரித்தது சிப்பாய்களில் ஒருவர்தான். தைத்தவர் அவராக இருக்க வேண்டும்.

கம்பியை நகர்த்த முடியாது என்றார் லெப்டினன்ட். மழைமானியை நகர்த்தலாம் என்றார் ஏக்கநாயக்க. அன்றே நாற்பது அடி தள்ளி, தலைக்கு மேலே ஒன்றுமில்லாத இடத்தில் குழி தோண்டி நட்டோம். தோண்டியவர்கள் சிப்பாய்கள். ரசமட்டத்தைத் தானே வைத்துப் பார்க்க வேண்டும் என்று லெப்டினன்ட் கேட்டு வாங்கிக்கொண்டார்.

பிறகு ஏக்கநாயக்க ஸ்டோர் வாசலில் உட்கார்ந்து பதிவேட்டைத் திறந்தார். சிவப்புக் கோட்டை அழிக்க விதியில்லை. அதன் கீழே நீல மையில் எழுதினார். வாசிப்பு சரி, இடம் பிழை, அதைக் கண்டறியாதது தன் குறை, வாசிப்பாளர் தவறை ஒப்புக்கொண்டதாக மேலே எழுதியது உண்மையல்ல, அவர் அப்படிச் சொல்லவில்லை. எப்படி அந்தப் பிழை நேர்ந்தது என்பதையும், மொழிபெயர்த்தவர் யார் என்பதையும் எழுதினார். எழுதியதை எனக்குப் படித்துக் காட்டிக் கையெழுத்து வாங்கினார். என் பேர் அங்கே இருப்பதற்குக் காரணம் அதுதான், தம்பி.

அக்கா தேநீர் கொண்டுவந்தார். ஏக்கநாயக்க எழுந்து நின்றார். “நான் சொல்வதை அவரிடம் சொல்லுங்கள். நான் நிறுத்தும் இடத்தில் நிறுத்துங்கள்” என்று என்னிடம் சொல்லிவிட்டு, வாக்கியம் வாக்கியமாகப் பேசினார். நீங்கள் எழுதியது எல்லாம் சரி. நான் உங்களைப் பொய்க்காரி என்று எழுதினேன். அதற்காக மன்னிப்புக் கேட்கிறேன். நான் ஒவ்வொன்றாகத் தமிழில் சொன்னேன். அக்கா முந்தானையில் கையைத் துடைத்தபடி கேட்டார்.

“ஐயா மேல எனக்கு கோவம் இல்ல” என்றார். “அவருக்கு நம்ம பாஷ தெரியாது. இந்தத் தம்பிக்குத் தெரியும்ல. நான் தப்புன்னு ஒரு வார்த்த சொல்லல. இவரு வாயில ‘வெரதி’ன்னு வந்திச்சு. சிங்களத்துல தப்புங்கிற அந்தச் சொல்லு எனக்குத் தெரியும். கேட்டுக்கிட்டுத்தான் நின்னேன். எதுத்துச் சொல்ற அளவுக்குத்தான் எனக்கு சிங்களம் வராது.”

“என்ன சொல்கிறார்?” என்றார் ஏக்கநாயக்க.

சொன்னேன். ஒரு சொல்லும் விடவில்லை.

அன்று மீதிப் பயணத்துக்குச் சாவியை என்னிடமிருந்து வாங்கிக்கொண்டு, விதிக்கு மாறாக ஏக்கநாயக்கவே ஜீப்பை ஓட்டினார். கணவாயைத் தாண்டியதும் வழக்கம்போல வெயில் வந்தது. பத்தனைப் புல் முழுதும் பளபளத்தது. “ஏன் அப்படிச் சொன்னீர்கள்?” என்று கேட்டார். இரத்தோட்டையில் கும்பிட்டவர் தப்பியதையும் இலுக்கும்புரவில் வாதாடியவருக்கு வேலை போனதையும் சொன்னேன். “நானா அப்படிச் செய்தேன்?” என்றார். என்னைப் பற்றிப் பிறகு பேசலாம் என்று சொன்னவர், அதன்பின் அந்தப் பேச்சை எடுக்கவே இல்லை. அடுத்த மாதம் சிறுவர் எழுத்துப் பழகும் ஒரு தமிழ்ப் பாலபோதினி வாங்கி ஜீப்பில் வைத்திருந்தார்.

அஞ்சலை அக்கா அதன்பின் பதினொரு வருடம் அந்தப் போத்தலைப் பார்த்தார். ஒவ்வொரு மாதமும் எனக்கு ஏலக்காய் போட்ட தேநீர் தந்தார். என் மகள் கல்யாணத்துக்கு அட்டையைக் காட்டிக்கொண்டு மாத்தளை வரை வந்தார். என்னிடம் அவருக்குக் குறை இருந்ததாகச் சொல்ல முடியாது. ஆனால், “ஐயாகிட்ட சொல்லு தம்பி” என்று ஏதாவது சொல்லிவிட்டால், நான் அதைச் சிங்களத்தில் சொல்லி முடிக்கும்வரை என் வாயையே பார்த்துக்கொண்டிருப்பார்.